செல்போன் மிரட்டல்: வெட்கப்பட வேண்டியது யார்?

மணவூர்,-

காலை நேர மின்சார ரெயில். அரக்கோணத்தில் இருந்து வந்து மணவூரில் நிற்கிறது. உட்கார இடம் கிடையாது. சீசன் டிக்கெட் கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. வண்டி திருவள்ளூரை தாண்டுவதற்குள் பெட்டியில் இருக்கும் எல்லோர் தலையும் குனிந்து விடும். கையில் செல்போன்.

ஒரு காலத்தில் இதே பெட்டியில் சீட்டுக்கச்சேரி நடக்கும். பேப்பரை ஆளுக்கு ஒரு பக்கமாக பிரித்து படிப்பார்கள். அரசியல் சண்டை சென்டிரல் வரைக்கும் ஓடும். இப்போது சத்தமே இல்லை. அந்த சத்தம் இல்லாத பெட்டியில் யார் நெஞ்சு எதற்காக அடித்துக்கொள்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு தெரியாது.

எனக்கு ஒருவர் கதை தெரியும்.

பக்கத்து ஊரில் கடை வைத்திருப்பவர். வயது 45-க்கு மேல். பெயர் வேண்டாம், என்ன கடை என்பதும் வேண்டாம். "தம்பி, நீ பேப்பர்காரன்தானே? என் பிரெண்டு ஒருத்தனுக்கு ஒரு சிக்கல்..." என்று மெதுவாக ஆரம்பித்தார். இரண்டு ஸ்டேஷன் போவதற்குள் அந்த பிரெண்டு காணாமல் போய்விட்டார். சிக்கல் இவருடையதுதான்.

நடந்தது இது:-

ராத்திரி 11 மணிக்கு தெரியாத நம்பரில் இருந்து வீடியோ கால். எடுத்தார். எதிரே ஒரு பெண், உடம்பில் துணி இல்லை. இவர் திகைத்துப்போய் பார்த்தது அரை நிமிஷம்கூட இருக்காது. லைன் கட். அடுத்த 2 நிமிஷத்தில் அந்த பெண்ணின் படமும் இவர் முகமும் ஒன்றாக தெரிகிற வீடியோ இவருக்கே வந்து விழுந்தது. கூடவே ஒரு மெசேஜ். பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் பெண்டாட்டிக்கும் மருமகனுக்கும் கடைக்கு வருகிறவர்களுக்கும் இது போகும் என்று.

அனுப்பினார். மறுநாள் திரும்பவும் கேட்டான். அனுப்பினார். மூன்றாவது தடவையும் அனுப்பினார்.

"போலீசுக்கு போனீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க போய் என்னன்னு தம்பி சொல்றது? சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

அவர் கேட்ட அந்த கேள்விதான் இன்றைக்கு நாடு முழுக்க ஒரு பெரிய திருட்டு தொழிலை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அவன் கையில் என்ன ஆயுதம்?

பிக்பாக்கெட்காரனுக்கு பிளேடு வேண்டும். வீடு புகுந்து திருடுகிறவனுக்கு கடப்பாரை வேண்டும். செல்போனில் மிரட்டுகிறவனுக்கு ஒன்றுமே வேண்டாம். நம் வெட்கத்தை முதலாக போட்டு அவன் வியாபாரம் செய்கிறான்.

கொஞ்சம் யோசித்து பாருங்கள். அந்த வீடியோவை அவன் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டால் அவனுக்கு என்ன லாபம்? அதன் பிறகு மிரட்ட ஒன்றும் இருக்காது. பணமும் வராது. போலீஸ் தேடுவதற்கு தடயம் மட்டும் கூடும். நாம் பயந்துகொண்டு இருக்கிற வரைக்கும்தான் அவன் கையில் சரக்கு இருக்கிறது.

இந்த வீடியோ கால் மோசடிக்கு பேர்போன இடங்கள் ராஜஸ்தான் மாநிலம் பரத்பூர், ஆல்வார் பகுதிகளும் அரியானாவின் நூ மாவட்டமும். அங்கே இருக்கிற வாலிபனுக்கு மணவூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பல நேரம் திரையில் வருவது நிஜ பெண்கூட அல்ல. எங்கேயோ எடுத்த ஆபாச வீடியோவை ஓடவிட்டு ஏமாற்றுகிறார்கள். பணம் கொடுத்தவனுக்கு அடுத்து "சி.பி.ஐ. அதிகாரி பேசுகிறேன், அந்த பெண் தற்கொலை செய்துகொண்டாள்" என்று இன்னொரு போன் வரும். பேசுவது அதே கும்பல்தான்.

இது ஆண்களை பிடிக்கிற வலை. பெண்களுக்கு விரிக்கும் வலை வேறு. நண்பனாக வருவான், காதலனாக வருவான், படம் கேட்பான். இல்லையென்றால் தெரியாமல் எடுப்பான். ஒன்றும் கிடைக்காவிட்டால் முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டுவான்.

ஒட்டுகிற வேலை இப்போது குழந்தை விளையாட்டு ஆகிவிட்டது. 2023-ம் ஆண்டு நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டி பரப்பினார்கள். பெரிய பரபரப்பு ஏற்பட்டது. 2024 ஜனவரியில் டெல்லி போலீசார் ஆந்திராவில் ஒருவரை கைது செய்தார்கள். நடிகைக்கு ஒன்று என்றால் நாடே பேசும். நம் தெரு பெண்ணுக்கு நடந்தால்?

சேலத்தில் நடந்தது

2016-ம் ஆண்டு ஜூன் மாதம். சேலம் மாவட்டத்தில் ஒரு இளம்பெண்ணின் முகத்தை ஆபாச படத்தில் ஒட்டி பேஸ்புக்கில் போட்டான் ஒருவன். பெற்றோர் போலீசுக்கு போனார்கள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் செல்போனை லஞ்சமாக வாங்கியதாக புகார் எழுந்தது. அந்த படத்தை உடனே நீக்க யாரும் ஓடவில்லை. நாட்கள் ஓடின. திரும்பவும் படம் வந்தது. அந்த பெண் உயிரை விட்டுவிட்டாள்.

அவள் எழுதி வைத்துவிட்டு போன கடிதத்தில் இருந்தது, பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனை. மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு பிறகு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். படம் போட்ட வாலிபனும் பிடிபட்டான். எல்லாம் நடந்தது, அவள் போன பிறகு.

அவளை சாகடித்தது படம் மட்டும்தானா? "நீ ஏன் போட்டோ எடுத்தே? ஏன் போனில் இருந்தே?" என்று வீட்டில் கேட்கிற கேள்விக்கும் அதில் பங்கு இருக்கிறது.

பொள்ளாச்சி வாய் திறந்தபோது

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் 19 வயது கல்லூரி மாணவி ஒருவர் புகார் கொடுத்தார். பேச வேண்டும் என்று கூப்பிட்டு, காரில் ஏற்றி, ஆடையை இழுத்து, செல்போனில் படம் எடுத்து, அதை வைத்து மிரட்டினார்கள். விசாரிக்க விசாரிக்க பூதம் கிளம்பியது. ஒரு கும்பலே இதை தொழிலாக வைத்திருந்தது தெரியவந்தது. சமூக வலைத்தளத்தில் பழகுவது, தனி இடத்துக்கு அழைப்பது, பலாத்காரம் செய்வது, வீடியோ எடுப்பது, அதை காட்டி மீண்டும் மீண்டும் அழைப்பது. பல பெண்கள் வருஷக்கணக்கில் வெளியே சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அடுத்து நடந்ததே பதில். புகார் கொடுத்த மாணவியின் பெயரை உயர் போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் வந்தது. மதுரை ஐகோர்ட்டு கண்டித்தது. மாணவிக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. பெயர் வெளியே வந்தால் அடுத்த பெண் எப்படி வாய் திறப்பாள்?

ஆனாலும் திறந்தார்கள். கோவை மகளிர் கோர்ட்டில் வழக்கு மூடிய அறைக்குள் நடந்தது. 48 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். ஒருவர்கூட பிறழ் சாட்சி ஆகவில்லை. செல்போன், லேப்டாப்பில் அழித்த வீடியோக்களும் மீட்கப்பட்டு சாட்சி ஆயின. 2025-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி தீர்ப்பு. 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் ரூ.85 லட்சம் இழப்பீடு.

மிரட்ட எடுத்த வீடியோவே மிரட்டியவனை உள்ளே தள்ளியது. அவன் கையில் இருந்த அதே வீடியோ போலீஸ் கைக்கு வந்ததும் அவனுக்கு எதிரான சாட்சியாக மாறியது.

ஐகோர்ட்டில் கண்ணீர்

அடுத்து சென்னை ஐகோர்ட்டில் 2025 ஜூலையில் வந்த வழக்கு. பாதிக்கப்பட்டவர் ஒரு பெண் வக்கீல். படிக்கிற காலத்தில் பழகியவன் ரகசியமாக எடுத்த வீடியோ பல இணையதளங்களில் பரவிவிட்டது. ஒன்றை நீக்கினால் இன்னொன்றில் முளைக்கிறது. சட்டம் தெரிந்தவருக்கே இந்த கதி.

நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் வழக்கை கேட்டு கலங்கிவிட்டார். தன் மகளாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து பார்த்ததாக சொன்னார். 48 மணி நேரத்துக்குள் வீடியோக்களை நீக்க மத்திய அரசுக்கு உத்தரவு போட்டார்.

அதைவிட திடுக்கிடும் தகவல் பிறகு வந்தது. விசாரணை என்ற பெயரில் அந்த பெண்ணை வைத்துக்கொண்டே 7 ஆண் போலீசார் வீடியோவை பார்த்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் பெயரும் இருந்தது. நீதிபதி கடுமையாக கண்டித்தார். பெயரை நீக்க சொன்னார்.

இந்த வழக்கின் தொடர்ச்சியாக 2025 நவம்பரில் மத்திய அரசு ஒரு நடைமுறை விதியை கொண்டுவந்தது. சம்மதம் இல்லாமல் பரப்பப்படும் அந்தரங்க படங்களை புகார் வந்த 24 மணி நேரத்தில் நிறுவனங்கள் நீக்க வேண்டும் என்றது. 2026 பிப்ரவரியில் வந்த விதி திருத்தத்தில் இந்த கெடு 2 மணி நேரமாக குறைக்கப்பட்டது. ஒரு பெண் துணிந்து கோர்ட்டு படி ஏறியதற்கு நாட்டு பெண்கள் எல்லோருக்கும் கிடைத்த பலன் இது.

யாரிடமும் சொல்ல முடியாதவர்கள்

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களை பற்றி பேப்பரில்கூட சரியாக எழுதுவது இல்லை. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கைகள். ஊரில் யாரிடமும் மனசை சொல்ல முடியாது. செல்போன் ஆப்பில்தான் முதல்முதலாக தன்னை போல இன்னொருவர் இருப்பதே தெரிகிறது. அந்த ஆப்பிலேயே மிரட்டுகிற கும்பலும் காத்திருக்கிறது. நட்பாக பேசி, ஆள் இல்லாத இடத்துக்கு வரச்சொல்லி, அடித்து, படம் எடுத்து, "உங்க அப்பாவுக்கு போன் போடவா?" என்று கேட்டு, கையில் இருப்பதை பிடுங்கிக்கொள்கிறார்கள். பையன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருவான். பைக்கில் இருந்து விழுந்துவிட்டதாக சொல்வான்.

மிரட்டுகிறவன் "நீ செய்தது குற்றம், போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும்" என்பான். இது பொய்.

1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனை சட்டத்தின் 377-வது பிரிவு இருந்த காலத்தில் அந்த மிரட்டலுக்கு பலம் இருந்தது. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. வயது வந்த இருவர் சம்மதத்துடன் பழகுவது குற்றம் இல்லை. 2024 ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த பிரிவே கிடையாது.

அதில் ஒரு ஓட்டையும் விழுந்துவிட்டது. பழைய பிரிவை முழுசாக எடுத்ததால், ஒரு ஆணை இன்னொருவன் பலாத்காரம் செய்தால் அதற்கென்று தனிப்பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. அடிதடி, வழிப்பறி, மிரட்டி பணம் பறித்தல் ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் நடந்த கொடுமைக்கு அது மட்டும் போதாது. இதை சரிசெய்ய வேண்டியது டெல்லி.

மேலே சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்தான் 2021 ஜூன் 7-ந் தேதி இன்னொரு உத்தரவும் போட்டவர். மதுரையை சேர்ந்த 2 இளம்பெண்கள் சேர்ந்து வாழ சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடியது. இந்த விஷயம் தனக்கே சரியாக தெரியாது என்று ஒப்புக்கொண்ட நீதிபதி, மனநல நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டு தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்பு எழுதினார். இருவரும் வயது வந்தவர்கள், சம்மதத்துடன் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் தொல்லை கொடுக்க கூடாது, 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் வைத்தியம் பார்க்க கூடாது என்றார்.

ஐகோர்ட்டு நீதிபதியே தெரியாததை கேட்டு கற்றுக்கொண்டார். நம் ஊர் ஸ்டேஷன் ஏட்டும், நம் வீட்டு பெரியவர்களும் கற்றுக்கொண்டால் கவுரவம் குறைந்தா போகும்?

சட்டம் யார் பக்கம்?

ஈவ்டீசிங் என்ற வார்த்தை பழைய வாசகர்களுக்கு தெரியும். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி அதனால் உயிரிழந்த பிறகு தமிழக அரசு தனி சட்டம் போட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்ற அந்த பொறுக்கித்தனம் இப்போது செல்போனுக்குள் குடிபோய்விட்டது. 2025 ஜனவரியில் அந்த சட்டத்தை திருத்தி தண்டனையை கூட்டினார்கள்.

மற்ற பிரிவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள்:-

ஒருவர் அந்தரங்கத்தை சம்மதம் இல்லாமல் படம் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-இ பிரிவின்படி 3 வருஷம் வரை ஜெயில். இது ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும். ஆபாச பாலியல் வீடியோவை பரப்பினால் 67-ஏ பிரிவில் முதல் தடவையே 5 வருஷம் வரை ஜெயில், ரூ.10 லட்சம் வரை அபராதம். குழந்தைகள் படம் என்றால் 67-பி. அதை பார்த்தாலும் டவுன்லோடு செய்தாலும் குற்றம்தான். மிரட்டி பணம் பறித்தால் புதிய சட்டத்தின் 308-வது பிரிவில் 7 வருஷம் வரை உண்டு.

77-வது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. வீட்டில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது. ஒரு பெண் படம் எடுக்க சம்மதித்து இருந்தாலும், அதை மற்றவர்களுக்கு காட்ட சம்மதிக்காவிட்டால், பரப்புகிறவன் குற்றவாளி. "அவளேதானே அனுப்பினாள்" என்ற பேச்சு சட்டத்தின் முன்னால் எடுபடாது. இந்த குற்றத்தில் பெண்ணின் புகாரை பெண் போலீஸ் அதிகாரிதான் எழுதி வாங்க வேண்டும் என்பதும் சட்டம்.

வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை "சும்மா பார்வர்டு பண்ணினேன்" என்கிறவரும் இந்த பிரிவுகளில் மாட்டுவார். ரெயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் போனை நீட்டி சிரிக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முதல் வேலை, பணம் அனுப்பக்கூடாது. அனுப்பியிருந்தால் அதோடு நிறுத்த வேண்டும். ஒரு தடவை கொடுத்தவரைத்தான் அவன் திரும்ப திரும்ப தேடி வருவான்.

இரண்டாவது, பதறிப்போய் மெசேஜ்களை அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நம்பர், பணம் போன யு.பி.ஐ. விவரம், படம் வந்த பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பிறகு பிளாக் செய்யுங்கள்.

மூன்றாவது, பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான ஆபாச படங்கள் பற்றி பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கவும் அதில் வசதி இருக்கிறது. மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் நேரில் கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கி பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

நான்காவது, படம் பரவாமல் முன்கூட்டியே தடுக்க 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியது இல்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு கைரேகை மாதிரி ஒரு குறியீடு உண்டாகும். அந்த குறியீடு மட்டும் போகும். சேர்ந்திருக்கிற நிறுவனங்கள் அதை வைத்து படத்தை தடுக்கும். இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சிறுவர், சிறுமிகளுக்கு 1098. பெண்களுக்கு 181. மனசு உடைந்து, வாழ்க்கையே முடிந்தது என்று தோன்றினால் 104 அல்லது 14416-க்கு பேசுங்கள். எந்த நேரத்திலும் பேசலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். சேலத்து பெண்ணுக்கு கிடைக்காதது அந்த ஒருவர்தான்.

கடைக்காரர் என்ன செய்தார்?

அன்று ரெயிலில் பேசியவர் ஒரு வாரம் யோசித்தார். ஒரு ராத்திரி கடையை சாத்திவிட்டு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டார். வீடு ரெண்டாகும் என்று பயந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்காகவா மூணு வாரமா சரியா சோறு துன்னாம கெடந்தே? எனக்கு வேற ஏதோ வியாதின்னு பயம்" என்றாராம். திட்டும் விழுந்தது, அது வேறு கதை.

மறுநாள் நானும் கூடப்போனேன். முதலில் போன ஸ்டேஷனில் ஒருவர் சிரிக்கத்தான் செய்தார். "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டார். கடைக்காரர் எழுந்துவிட பார்த்தார். கையை பிடித்து உட்கார வைத்தேன். பிறகு சைபர் கிரைம் போலீசில் பொறுமையாக கேட்டு மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். போன பணம் இன்னும் வரவில்லை. வரும் என்று சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. ஆனால் நம்பரை பிளாக் செய்த பிறகு மிரட்டலும் வரவில்லை. வீடியோவும் யாருக்கும் போகவில்லை.

நாளை காலை இதே ரெயிலில் உங்கள் பக்கத்தில் ஒருவர் உட்காருவார். "சார், என் பிரெண்டு ஒருத்தனுக்கு ஒரு சிக்கல்..." என்று ஆரம்பிப்பார். எந்த பிரெண்டு என்று துருவாதீர்கள். சிரிக்காதீர்கள். 1930 என்ற நம்பரை சொல்லுங்கள். முடிந்தால் கூட ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.